மூன்றாவது பின்

"பஞ்சமம் ஒரு நூல் ஏறி நிக்குது. கேக்குதா உங்களுக்கு?" என்றார் பெரியவர்.

எனக்குக் கேட்டது வெறும் ஹம்மிங். ரேடியோ, டேப், டி.வி. என்று நாற்பத்தைந்து வருடம் ரிப்பேர் பார்த்த காது இது. ஸ்பீக்கரின் அடியில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டிருந்தது. அது இரைச்சல் என்று தெரியும். அதற்கு ஒரு ஸ்வரம் உண்டு என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அவர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். இளம் வயதில் தன் குருவிடம் பாடம் கேட்டபோது பதிவு செய்த கேசட்டுகளை மருமகன் பென்டிரைவில் ஏற்றித் தந்திருந்தார். பென்டிரைவை டி.வி.யில் செருகி, டி.வி.யிலிருந்து ஆடியோ வயர் இழுத்து, பெரியவர் முப்பது வருடமாக வைத்திருக்கும் ஆம்ப்ளிபயரில் கொடுத்திருந்தார்கள். ஒரு குரல், ஒரு தம்புரா, வேறு எதுவும் இல்லாத பதிவு. மிருதங்கம் இருந்தால் முனகல் அதற்குள் மறைந்திருக்கும். இங்கே மறைய இடமில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் பஞ்சமத் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 98 முறை அதிரும். நம் வீட்டுக் கரண்ட் 50 சைக்கிள். அது ஸ்பீக்கருக்குள் புகுந்தால் 50உம், அதன் இரட்டையான 100உம் சேர்ந்து வரும். 98க்குப் பக்கத்தில் 100 நின்றால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி பொங்கிப் பொங்கி அடங்கும். பெரியவர் சொன்னது அணுவளவும் பிசகில்லை. நெய்வேலியில் நிலக்கரியை எரித்துச் சுழற்றுகிற சக்கரத்தின் வேகம், இங்கே ஒரு மனிதரின் குருவுடைய தம்புராவைச் சுருதி கலைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் வந்து போயிருந்தார்கள். ஒருவர் ஆம்ப்ளிபயரில் பெரிய கண்டென்சர்களை மாற்றினார். இன்னொருவர் டி.வி. போர்டு போய்விட்டது என்றார். இரண்டு பேரும் கருவிக்குள் குற்றத்தைத் தேடினார்கள். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் வால்யூமைக் குறைத்தேன், முனகலும் குறைந்தது. அப்படியானால் அது வால்யூமுக்கு முன்னாலேயே உள்ளே வருகிறது, வயர் வழியாக வருகிறது. ஆடியோ வயரைப் பிடுங்கினேன், ஆம்ப்ளிபயர் சுத்தம். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன், அதுவும் சுத்தம். இரண்டும் தனித்தனியே நல்லவை. சேர்த்தால் முனகல். மறுபடி சேர்த்துவிட்டு, தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் வயரை மட்டும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றினேன்.

சட்டென்று கூடம் பெரிதாகிவிட்டது போல ஓர் அமைதி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்படியோர் அமைதியை நான் ஊர் அளவில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயலில் கிடந்தன. எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் தம்பி மைக்செட் வைத்திருந்தான். தண்ணீர் லாரி வருவதையும் அரிசி கொடுக்கிற இடத்தையும் 12 வோல்ட் பேட்டரியில் ஆம்ப்ளிபயரை ஓட்டித் தெருத்தெருவாக அறிவித்தான். குரல் கண்ணாடி போல வந்தது. அதே ஆம்ப்ளிபயர் கல்யாண வீட்டில் எத்தனை தடவை முனகியிருக்கிறது! பேட்டரிக்கு நிலத்தோடு சம்பந்தம் கிடையாது. வேறு எதோடும் வம்பு கிடையாது. முனகல் கருவியின் குணமல்ல என்பதை அந்த நாட்களில் என் காதே எனக்குச் சொன்னது.

பெரியவர் வீட்டில் நடந்தது இதுதான். ஆம்ப்ளிபயருக்கு மூன்று பின் பிளக். அதன் தகட்டுப் பெட்டி வீட்டின் எர்த் குழியோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் வயரின் மேல்வலை தெரு முழுக்க ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டு டி.வி.யிலிருந்தும் செட்டாப் பாக்ஸிலிருந்தும் துளித்துளியாகக் கரண்ட் அதில் கசியும். அது கெட்டுப்போனதால் வருகிற கசிவு இல்லை, இந்தக் காலத்துப் பவர் சப்ளைகளின் அமைப்பே அப்படி. கசிந்ததெல்லாம் நிலத்துக்கு இறங்க வழி தேடுகிறது. இந்த வீட்டு டி.வி. வழியாக வந்து, ஆடியோ வயரின் மேல்வலை வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போய், மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உங்கள் கொல்லைக்கு வெட்டிய சின்ன வாய்க்காலில் தெருச் சாக்கடை வழி கண்டுபிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

டி.வி. அனுப்புகிற பாட்டின் அளவு ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அந்த மேல்வலையைத்தான் இரண்டு கருவியும் சுழியம் என்று வைத்துக்கொண்டு அளக்கின்றன. அதன் மேல் கசிவு ஓடி ஓரிரு மில்லிவோல்ட் ஏறினால் போதும், எது பாட்டு எது கசிவு என்று ஆம்ப்ளிபயருக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தந்துவிடும்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மருமகன் தயங்கிக் கேட்டார்: "ஐயா, கேபிளைக் கழட்ட முடியாது, வீட்ல சீரியல் பார்க்கணும். ஆனா இப்பத்தான், நீங்க பேசிட்டிருந்தப்ப, ஆம்ப்ளிபயர் பிளக்குல எர்த் பின்னை எடுத்துட்டுப் போட்டுப் பார்த்தேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. அப்படியே விட்டுடலாமா?"

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

1983இல் ஒரு வீட்டில் நான் அதைச் செய்தேன். நெல்லிக்குப்பத்துக்கு வெளியே ஒரு விவசாயக் குடும்பம். பழைய வால்வு ரேடியோ வைத்திருந்தார்கள். அதற்குக் கிணற்றடிக் குழாயில் கட்டிய எர்த் கம்பி உண்டு. புதிதாக ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கி ரேடியோவை அதோடு சேர்த்தார்கள். இரண்டு எர்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். முனகாமல் என்ன செய்யும்? நான் போனேன். பத்து நிமிடத்தில் பிளக்கைத் திறந்து பச்சை வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, மூடினேன். முனகல் நின்றது. வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டுக் கூலிக்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தார். காப்பி கொடுத்தார்கள். சைக்கிளில் திரும்பும்போது எனக்கு என் கைமேல் பெருமையாக இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது பின் எதற்கு என்று ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித் தந்தார்கள். மற்ற இரண்டையும்விட அது பருமன், நீளமும் அதிகம். செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். உள்ளே எங்காவது வயர் நைந்து தகட்டைத் தொட்டுவிட்டால், கரண்ட் மனிதர் வழியாகப் போகாமல் அந்தப் பின் வழியாக மண்ணுக்குப் போகும், பியூஸ் எரியும், வீடு பிழைக்கும். வேலை இல்லாத காலம் முழுக்கச் சும்மா நிற்கிற பின் அது. சும்மா நிற்கிறதே என்று நான் அதை வெட்டினேன்.

கொஞ்ச நாள் ரேடியோவோடு சேர்ந்திருந்ததால் கிணற்றடிக் கம்பி அந்த ஆம்ப்ளிபயரையும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் கூரை ஒழுகி, ரேடியோவை வேறு அறைக்கு மாற்றினார்கள். கம்பியும் போயிற்று. ஈரத்தில் டிரான்ஸ்பார்மர் கசிய ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த அந்த வீட்டுக்காரரின் மகள், பன்னிரண்டு வயசுப் பெண், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று பாட்டுப் போடக் கையை வைத்தாள்.

பாட்டி மரப்பலகையால் தட்டிவிட்டார். குழந்தை பிழைத்தது. உள்ளங்கையில் தழும்பு தங்கிவிட்டது.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா என் கடைக்கு வந்தார். பையிலிருந்து அந்தப் பிளக்கை எடுத்தார். மூடி திறந்திருந்தது, நான் சுற்றிய டேப் தெரிந்தது. மேசைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். பிளக் இன்னும் என் டூல்ஸ் பெட்டியில் இருக்கிறது. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் பின்னை எடுத்து வந்தார். நானே மாட்டினேன்.

வீட்டு விஷயம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறைப் பிளக்கில் மட்டும் நான் செய்யவில்லை. நானும் தம்பியும் முதலில் ஒரே கடை. நான் ரிப்பேர், அவன் மைக்செட் வாடகை. கல்லா ஒன்று. வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. ஆலையில் கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் கையில் பணம் புழங்கும், ஊரில் விசேஷங்கள் நடக்கும், அவன் பக்கம் வருமானம் கொட்டும். மழைக்காலத்தில் என் பக்கம். யார் எடுத்தது, யார் வைத்தது என்று தினமும் ஒரு முணுமுணுப்பு. எங்கள் அம்மா இரண்டு பக்கமும் பேசுவார். என்னிடம் வந்து அவனைப் பற்றி, அவனிடம் போய் என்னைப் பற்றி, அடுப்படியில் மருமகள்களிடம் தனியாக. வீட்டில் சத்தமே அம்மாவால்தான் என்று நானும் தம்பியும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோம். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று பண்ருட்டிக்கு பஸ் ஏற்றிவிட்டோம்.

வீடு அமைதியாகிவிட்டது. ஆறு மாதம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஏழாம் மாதம் கடை வாசலில், பஜாரே பார்க்க, தம்பியின் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னைத் தள்ளினான். எதற்கென்று இன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை. நானூறு ரூபாய் சம்பந்தம் என்று அவன் சொல்கிறான்.

அம்மா அத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. என் கோபத்தை அவர் காதில் கொட்டினேன், அவன் கோபத்தை அவன் கொட்டினான். அவர் அதை முனகிக்கொண்டே வாங்கி எங்கேயோ இறக்கிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்க் கூட்டிவந்தேன். அக்கா வீட்டுத் திண்ணையில் பையோடு உட்கார்ந்திருந்தார், யாராவது வருவார்கள் என்று தெரிந்ததுபோல.

வந்ததும் அம்மா சொன்ன வழி எளிது. கல்லாவை இரண்டாக்கு. அடுப்பை இரண்டாக்கு. வாசல் ஒன்றாகவே இருக்கட்டும். தம்பிக்கு வேலை இருந்தால் எனக்குச் சொல்வான், எனக்கு வேலை வந்தால் அவனுக்குச் சொல்வேன். பேச்சு போகும், பணம் போகாது. உறவு என்றால் ஒரே பானையில் கிடக்க வேண்டும் என்பார்கள் சிலர். ஒத்துவராவிட்டால் அறுத்துக்கொண்டு போக வேண்டும் என்பார்கள் வேறு சிலர். எங்களுக்கு இந்த மூன்றாவது வழி முப்பது வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. தானே புயலன்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவன் முதலில் வந்து நின்ற இடம் என் வீட்டு வாசல்.

ஒலிக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அதைக் கண்டவர் ஒரு கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர், மைக்கேல் பாரடே. 1831 ஆகஸ்ட் 29ஆம் தேதி லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், எதிர்ப் பக்கம் இன்னொரு சுருள் சுற்றினார். ஒன்றை ஒன்று தொடக் கூடாது என்று நடுவே நூலும் காலிகோ துணியும் வைத்தார். (அந்தத் துணிக்குப் பேர் வந்ததே நம் கோழிக்கோட்டிலிருந்துதான்.) ஒரு சுருளைப் பேட்டரியில் தொட்டபோது மறுசுருளோடு சேர்ந்திருந்த காந்த ஊசி துள்ளியது. எடுத்தபோதும் துள்ளியது. இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. காந்தம் செய்தியைக் கொண்டுபோனது. டிரான்ஸ்பார்மர் என்று ஊரெல்லாம் கம்பத்தில் தொங்குவதற்கு மூதாதை அந்த வளையம்.

டி.வி.க்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் அப்படி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், இரண்டு பக்கமும் சமச் சுற்று, இடது வலது இரண்டுக்கும் ஒவ்வொன்று. அது தன் சுருளின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் அந்தப் பக்கம் சொல்லும். பாட்டு என்பது அந்த வித்தியாசம். கசிவோ இரண்டு முனையையும் சேர்த்துத் தூக்கும், சேர்த்து இறக்கும்; சுருளுக்கு அது தெரியவே தெரியாது. மேல்வலையும் நடுவில் அறுந்துவிடுவதால் கசிவு ஓட வழியும் இல்லை. எர்த் பின் தன் இடத்தில் நிற்கும். இதே காரியத்தை வெளிச்சத்தாலும் செய்யலாம். ஜப்பானில் தோஷிபா 1983இல் கொண்டுவந்த ஆப்டிகல் வயர் இன்றைக்கு டி.வி.க்களின் முதுகில் சிவப்பாக மினுக்குகிறது. பிளாஸ்டிக் இழைக்குள் ஒளிதான் போகிறது, கரண்ட் போக வழியே கிடையாது. நான் 1983இல் பச்சை வயரை வெட்டிய அதே வருடம் என்பதை நினைத்தால் மனசுக்கு என்னவோ செய்கிறது. பெரியவரின் ஆம்ப்ளிபயர் பழசு, அதில் ஒளியை வாங்கும் துளை இல்லை.

என்னிடம் பழைய இன்டர்நெட் மோடம் ஒன்றில் கழற்றிய 600 ஓம் டிரான்ஸ்பார்மர்கள் இருந்தன. டெலிபோன் லைனிலிருந்து கருவியைப் பிரித்து வைக்கப் போட்டவை. முதல் நாள் அவற்றை மாட்டினேன். முனகல் போயிற்று. நான் பையை மூடப் போனேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்புராவுல மந்தர ஷட்ஜம் எங்க?"

கேட்டேன். இல்லை. அந்தத் தந்தி நொடிக்கு 65 முறை அதிர்வது. டெலிபோனுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் பேச்சுக்கு மட்டும் பழகியது, 300க்குக் கீழே அதற்குச் சரியாக வராது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த கடையில் சொல்லி, பாட்டுக்கென்றே செய்த, நல்ல உட்கரு உள்ள ஒரு ஜோடி வரவழைத்தேன். விலை மோடம் சரக்கைப்போலப் பல மடங்கு. மருமகன் முகம் சுளிக்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது நானே ஒரு பிசகு செய்தேன். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தகர டப்பாவில் வைத்தேன். சாக்கெட்டுகள் நான்கும் தகரத்தைத் தொட்டன. இந்தப் பக்க மேல்வலையும் அந்தப் பக்க மேல்வலையும் டப்பா வழியாகக் கைகோத்துக்கொண்டன. முனகல் அப்படியே திரும்ப வந்தது. அரை மணி நேரம் குழம்பினேன். பிறகு ஒரு பக்கத்து சாக்கெட்டுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் தகரத்திலிருந்து பிரித்தேன். நின்றது. ஆனாலும் காதை வைத்தால் ஒரு மெல்லிய ரீங்காரம். அது வேறு. ஆம்ப்ளிபயரின் பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து காந்தம் பரவி இந்தச் சின்னதுக்குள் நுழைகிறது. டப்பாவை இரண்டடி தள்ளி வைத்து, மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் கூடியது, இன்னொன்றில் குறைந்தது. பெரியவர் "இன்னும், இன்னும்" என்று தம்புராவுக்கு முறுக்காணி திருப்பச் சொல்வதுபோல விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் "ம்" என்றார். அங்கே பென்சிலால் கோடு போட்டு ஒட்டினேன்.

மகள் உள்ளேயிருந்து வந்து கேபிளை எடுக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் தம்புரா மட்டும், நான்கு தந்தியும் தெளிவாக. பிறகு யாரோ இருமுகிறார். ஒரு ஓலைப் பாய் நகர்கிற சத்தம். தூரத்தில் ஒரு காக்கை. பெரியவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"அந்த இருமல் அவரோடது. இத்தனை வருஷம் இது எனக்குக் கேட்டதே இல்லைங்க."

குரு பாடத் தொடங்குமுன் ஒரு சின்னப் பையனின் குரல், பயந்துபோய், ஷட்ஜம் பிடிக்கிறது. அது யார் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது கொல்லைப்புறம் போய் எர்த் குழியைப் பார்த்தேன். கரியும் உப்பும் போட்டு எப்போதோ தோண்டியது. சித்திரை வெயிலில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காய்ந்த குழி அவசரத்துக்கு உதவாது. கிணற்றில் ஒரு குடம் இறைத்து ஊற்றினேன். குடித்தது. இன்னொன்று ஊற்றினேன்.